கொல்லைக் குளமும் மணியின் காதும்

செப்டம்பர் 6, 2025, சனி

மூன்று வாரமாகத் தள்ளிப்போட்ட வேலையை இன்று தொடங்கிவிட்டோம். கொல்லையில் செம்பருத்திக்கும் மதிலுக்கும் நடுவே சும்மா கிடக்கும் இடத்தில் சின்னதாக ஒரு குளம். மொட்டைமாடியில் கிடந்த பழைய பிளாஸ்டிக் தொட்டியை விளிம்பு வரை மண்ணுக்குள் இறக்கி, தண்ணீர் விட்டு, இரண்டு நீர்ச்செடி வைப்பது, அவ்வளவுதான். அவர் கடப்பாரை பிடித்தார், நான் மண் அள்ளினேன், மகன் கல் பொறுக்கினான். முழ ஆழம் போனதும் செம்பருத்தியின் வேர் ஒன்று விரல் பருமனுக்குக் குறுக்கே ஓடியது. வெட்ட எனக்கு மனசு வரவில்லை. குழியை ஒரு சாண் தள்ளித் தோண்டினோம். அதில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போயிற்று, பரவாயில்லை.

நாங்கள் தோண்டிப் போட்ட மண்மேட்டில் எங்கள் நாய் மணி ஏறிப் படுத்துக்கொண்டான். ஈர மண் என்றால் அவனுக்கு உயிர். பதின்மூன்று வயது ஆகிவிட்டது, முகவாயெல்லாம் நரை. அவர் கடப்பாரையைக் கீழே போட்டபோது அது கல்லில் பட்டு 'ணங்'கென்றது. பூனை சுண்டு மதில்மேல் தாவி ஓடியது. மணி தலையைக்கூடத் தூக்கவில்லை. அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தொட்டியை இறக்கி மட்டம் பார்த்தோம். ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் வழிந்து மண்ணை அரித்துவிடும், அதனால் இதில் அவர் பொறுமையாக நின்றார். உள்ளே ஒரு ஓரத்தில் மகன் பொறுக்கிய கற்களைப் படி மாதிரி அடுக்கினோம். அணிலோ ஓணானோ தவறி விழுந்தால் ஏறி வர வழி வேண்டும். வழவழப்பான தொட்டியில் அவற்றின் நகம் பிடிக்காது. குளம் வைப்பவர்கள் யாராக இருந்தாலும் இந்தப் படியை மறக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீர்தான் நிரப்பினோம். குளோரின் போவதற்கு இரண்டு நாள் வெயிலில் திறந்து கிடக்கட்டும். சுண்டு விளிம்பில் உட்கார்ந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 10, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வருபவன், நடையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். "மணி" என்றேன். அசைவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று ஒரு நொடி பார்த்தேன். அப்புறம் குனிந்து முதுகில் கை வைத்தேன். தூக்கிவாரிப்போட்டு எழுந்தவன் என் மணிக்கட்டைக் கவ்விவிட்டான். பல் பதியவில்லை, உரசியதோடு சரி. நான்தான் என்று தெரிந்ததும் காதுகளை மடக்கிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதின்மூன்று வருஷத்தில் அவன் என்னைக் கவ்வியது இதுதான் முதல் தடவை.

இரவு மகன் அவனுக்குப் பின்னால் நின்று தட்டும் கரண்டியும் எடுத்துத் தட்டிப் பார்த்தான். மணி முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தான். "அம்மா, இவனுக்குக் காது கேக்கலைம்மா" என்றான். எனக்கும் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

கால்நடை மருத்துவரிடம் போய் வந்தோம். இரண்டு காதுக்குள்ளும் விளக்கு வைத்துப் பார்த்தார். அழுக்கு அடைத்திருந்தாலோ சீழ் இருந்தாலோ மருந்தில் சரியாகும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். இரண்டும் இல்லை. வயசுதான்.

அவர் சொன்ன ஒரு விஷயம் மனசில் நின்றுவிட்டது. மனிதக் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் எட்டும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். வயசானால் மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் பெரும்பாலும் முதலில் போகும். கனத்த ஒலி கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அப்படியானால் என் விசில் அவனுக்குப் பல மாதமாகவே கேட்காமல் இருந்திருக்கலாம். "கூப்பிட்டா வர்றதே இல்ல, பிடிவாதம் புடிச்சவன்" என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன். வண்டியில் திரும்பி வரும்போது அவன் தலை என் மடியில்தான் இருந்தது. தடவிக்கொண்டே வந்தேன்.

இனி செய்ய வேண்டியவை: தூங்கும்போது பின்னாலிருந்து தொடக் கூடாது, மூக்கருகே உள்ளங்கையைக் காட்டி, வாசனை பிடித்து அவனே எழும்படி விட வேண்டும். வெளியே வாரில்லாமல் விடவே கூடாது, வண்டி வருவது அவனுக்குத் தெரியாது. கூப்பிட வாயைவிடக் கையைப் பயன்படுத்த வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

குளத்தில் கப்பி மீன் எட்டு விட்டோம். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிட்டால் வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொசு பறக்கத் தொடங்கிவிடும். புழுவாக நெளியும்போதே மீன் தின்றுவிட்டால் கவலை இல்லை. விட்ட ஐந்தாவது நிமிடமே வேட்டை ஆரம்பமாகிவிட்டது. மகன் குப்புறப் படுத்து எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்புறம் பலகை வேலை. பழைய கட்டிலின் பலகைகளை என்ன செய்வது என்று அவர் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். பின்வாசல் படியிலிருந்து குளம் வரை தரையோடு தரையாக ஒரு தளம் போட்டுவிடலாம் என்றார். மழையில் சேறு மிதிக்க வேண்டாம். செங்கல் வரிசைமேல் இரண்டு நீளக் கட்டை, அவற்றின்மேல் குறுக்கே ஒன்பது பலகை. பலகைக்குப் பலகை கால் அங்குலம் இடைவெளி விட்டார். மரம் ஈரத்தில் ஊதும், நெருக்கி அடித்தால் ஒன்றையொன்று தள்ளி வளைந்துவிடும். திருகாணி போடுமுன் ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய துளை போட்டுக்கொண்டார். நான் துளைக்காமல் முடுக்கிய ஒரு பலகை ஓரத்தில் ஓர் அங்குலம் வெடித்துவிட்டது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம்.

உரக்குழியில் மூக்கைத் துளைக்கும் நெடி. பச்சைக் கழிவு அதிகமாகிவிட்டது. இரண்டு கூடை காய்ந்த சருகு போட்டுக் கிளறிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

கை சைகை பாடம் நடக்கிறது. மகன்தான் ஆசிரியர். உள்ளங்கையை நெஞ்சுக்கு இழுத்தால் 'வா', தரையை நோக்கித் தாழ்த்தினால் 'உட்கார்'. மூன்று நாளில் இரண்டையும் பிடித்துக்கொண்டான். ஆனால் அவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால்தானே சைகை. முதுகைக் காட்டி நிற்கும்போது என்ன செய்வது?

செப்டம்பர் 21, ஞாயிறு

அக்கா விடாமல் கூப்பிட்டதால் பக்கத்துத் தெரு மண்டபத்தில் நடந்த புல்லாங்குழல் கச்சேரிக்குப் போனேன். மகனும் வந்தான். மணியைத் தனியே விட வேண்டாம் என்று அவர் வீட்டில் இருந்துகொண்டார். கிளம்பும்போதே மழை.

சின்ன மண்டபம், பழைய மரத்தரை, நூறு பேருக்குள்தான் கூட்டம். நாங்கள் முன்வரிசையில் தரையிலேயே உட்கார்ந்தோம். மிருதங்கக்காரர் எங்களிடமிருந்து பத்தடி தூரம். தொடங்குமுன் அவர் ரவை மாவைப் பிசைந்து மிருதங்கத்தின் இடப்பக்கத் தோல்முகமான தொப்பியின் நடுவில் வட்டமாக அப்பினார், கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினார், ஒரு தட்டு, கொஞ்சம் மாவைக் கிள்ளி எடுத்தார், மறுபடி ஒரு தட்டு. அந்த மாவின் கனத்தில்தான் தொப்பியின் ஒலி அடியிலிருந்து 'கும்'மென்று வருகிறது. வலப்பக்க முகமான வலந்தலையைச் சுருதி சேர்க்கச் சிறு கல்லும் மரக்கட்டையும் வைத்து விளிம்பைச் சுற்றித் தட்டினார். மழை ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு முறை கல்லை எடுத்தார்.

அக்கா காதோடு ஒன்று சொன்னாள். சாதாரணத் தோல்வாத்தியத்தில் முதன்மை ஒலியோடு சேர்ந்து எழும் உபஒலிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இரையும். வலந்தலையின் நடுவே கறுப்பாக அப்பியிருக்கும் கரணைதான் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து மிருதங்கத்தைச் சுருதியோடு பேச வைக்கிறது. சி.வி. ராமன் 1920-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறாராம். கரணை போட்ட கைவினைஞர்களுக்கு அதற்கு வெகு காலம் முன்பே காது சொல்லிக்கொடுத்துவிட்டது.

மோகன ராகத்தைப் புல்லாங்குழல் விரித்தது. ஐந்தே சுரம். மழை சத்தத்துக்கு மேலே ஒரு கோடு போல அது ஓடிக்கொண்டிருந்தது. கண் கலங்கியது, ஏனென்றால் அந்தக் கோடு மணிக்குக் கேட்குமா என்று நினைத்தேன். பிறகு தனி ஆவர்த்தனம், மிருதங்கம் மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி. தொப்பியில் ஓங்கி விழுந்த ஒவ்வொரு அடியும் மரத்தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முழங்கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருந்தான். "அம்மா, காத மூடினாலும் வருதும்மா."

வீடு வரும்வரை இதையே பேசிக்கொண்டு வந்தோம்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் மணி பலகைத் தளத்தின் குளத்துப் பக்க முனையில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். படியிலிருந்து இறங்கி முதல் பலகையில் குதிகாலால் இரண்டு தட்டு தட்டினேன். பலமாக இல்லை, கதவு தட்டுகிற அளவு.

காது மடல் துடித்தது. தலை எழுந்தது. திரும்பினான். உள்ளங்கையை நெஞ்சுக்கு இழுத்தேன். எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, ஒன்பது பலகையையும் கடந்து வந்து என் முழங்காலில் தலையை முட்டினான்.

அவரும் மகனும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார்கள். ஐந்தில் நான்கு தடவை திரும்பினான். நடையில் சிமெண்ட் தரையில் அதே மாதிரி தட்டினால் ஒன்றும் தெரியவில்லை. சிமெண்ட் அசைவதில்லை, செங்கல் மேல் நிற்கும் பலகை அசைகிறது, அதுதான் வித்தியாசம். சேற்றுக்காகப் போட்ட தளம் எதற்கு உதவுகிறது பாருங்கள்.

செப்டம்பர் 24, புதன்

மிச்சமிருந்த இரண்டு பலகையைச் சேர்த்து, அடியில் சட்டம் கொடுத்து, நடையில் அவன் தூங்கும் இடத்தில் போட்டார். அதன்மேல் அவனுடைய பழைய கம்பளி. ஒரு முனை கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்று வேலையிலிருந்து வந்ததும் அந்த முனையில் காலால் இரண்டு தட்டு. அவன் கண் திறந்தபோது என் உள்ளங்கை அவன் மூக்கருகே இருந்தது. பயமில்லை. முகர்ந்தான், நக்கினான்.

செப்டம்பர் 27, சனி

குளத்துக்குத் தவளை வந்துவிட்டது! நாங்கள் கொண்டுவரவில்லை, தானாகவே வந்தது. கற்படியில் கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பின்னால் வட்டமாக ஒரு தோல் தெரிந்தது. அதுதான் அதன் செவிப்பறை, காது மடல் கிடையாது. முட்டையிட்டால் மீன் விட்டுவைக்குமா என்று மகனுக்குக் கவலை. நீர்ச்செடியை இன்னும் அடர்த்தியாக வைத்தால் சிலதாவது ஒளிந்து பிழைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கே வைக்க வேண்டும் என்கிறான்.

ஒன்பது மணிக்குமேல் கத்த ஆரம்பித்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம். சுண்டு ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மணி மூன்றடி தூரத்தில், மோவாயைப் பலகைமேல் வைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே அழைத்துப் போகலாம் என்று இறங்கி இரண்டு தட்டு தட்டினேன். கண்ணைத் திறந்து முதலில் என் காலைப் பார்த்தான், அப்புறம் முகத்தை. எழுந்திருக்க மனமில்லை. சரி என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நான்காவது பலகையில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது. காலையில் முடுக்கச் சொல்ல வேண்டும்.