பக்கெட்டுக்கு முதலில் கொக்கி

மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்து டிராக்டருக்கு முன் லோடர், அதாவது மண் அள்ளும் பக்கெட்டை ஏற்றி இறக்கும் இரும்புக் கைகள், போட்டதிலிருந்து, அந்தப் பக்கெட்டில் இன்னும் என்னென்ன மாட்டலாம் என்று தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான். முதலில் கொக்கிதான்டா என்றேன். மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. சங்கிலி போட்டு விழுந்த மரத்தைத் தூக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் விளிம்புத் தகடு மெல்லியதாக இருந்தால் கொக்கியை நேராக அதில் வெல்டிங் வைக்காதீர்கள், வளைந்துவிடும். தடித்த இரும்புப் பட்டையை முதலில் பற்றவைத்து, அதன்மேல் கொக்கி.

அப்புறம் பக்கெட்டின் கீழ் விளிம்பில் மாட்டும் பல் வைத்த பட்டை. இறுகிய களிமண்ணில் வெறும் விளிம்பு வழுக்கும், பற்கள் குத்தி இறங்கும். கழற்றி மாட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மண்ணைச் சமப்படுத்தும்போது பற்கள் கோடு கோடாகக் கீறும்.

பக்கெட் உதட்டில், அதாவது அதே கீழ் விளிம்பில், இறுக்கும் ஃபோர்க்கைத்தான் (முன்னால் நீண்டிருக்கும் இரும்புக் கரங்கள்) தம்பி ரொம்ப ஆசைப்படுகிறான். உரமூட்டை அடுக்க வசதிதான், சரி. ஆனால் பாரம் முன்னால் தள்ளிப்போவதால் லோடர் தூக்கும் எடை குறையும், பக்கெட் விளிம்பும் நெளியும். பின்னால் எதிர் எடை மாட்டாமல் அதைத் தொடவே விடமாட்டேன். போன மாதம் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியபோது வண்டியில் இருந்தது அவன்தான்.