கையெழுத்திடத் தகுதியில்லாத அப்பா

சென்ற அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை இரவு, மகன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "அப்பா, இதில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றான். பள்ளிச் சுற்றுலா, பல் மருத்துவர், நீச்சல் வகுப்பு என்று அவனுக்காக நான் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கே இல்லை. படிக்காமலே போட்டுப் பழகிய கை இது. நல்லவேளையாக அன்று கண்ணாடி அணிந்திருந்தேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக். மகனுக்கு வயது 15. இங்கேயே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். அவனுடைய கால்பந்துத் தோழன் ஒருவனின் தாத்தாவுக்கு லானோ பக்கம் பண்ணை இருக்கிறது. காட்டுப்பன்றிகள் வேலியை முட்டித் தள்ளி, மேய்ச்சல் நிலத்தை உழுதுபோட்டதுபோல் ஆக்கிவிடுகின்றனவாம். பேரனும் தாத்தாவும் பரண் மேல் உட்கார்ந்து அவற்றைச் சுடுவார்கள். அதுவும் நீளத் துப்பாக்கியால் அல்ல, தொலைநோக்கி பொருத்திய .44 மேக்னம் ரிவால்வரால். அந்த வாரக் கடைசிக்கு என் மகனையும் கூப்பிட்டிருந்தார்கள். பெற்றோர் சம்மதக் கடிதம் ஒன்றைத் தோழனின் அம்மா மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்.

கைத்துப்பாக்கிக்கு மட்டும் எதற்குக் கடிதம் என்று தேடப்போய், இரவு ஒரு மணி வரை சட்டப் பிரிவுகளுக்குள் உட்கார்ந்திருந்தேன். பண்ணைக்காரர் ஒருவர் 15 வயதுப் பையன் கையில் ரைஃபிளைக் கொடுத்தால் மத்தியச் சட்டம் அதைக் கண்டுகொள்வதில்லை. கைத்துப்பாக்கி என்றால்தான் விழித்துக்கொள்கிறது. நகரங்களில் பதின்வயதுப் பையன்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொன்றுகொண்டிருந்த காலத்தில், 1994இல் கிளின்டன் கையெழுத்திட்ட பெரிய குற்றத் தடுப்புச் சட்டத்தோடு வந்த விதி அது. 18 வயது நிரம்பாதவரிடம் கைத்துப்பாக்கியையோ, அதில் மட்டுமே பயன்படும் தோட்டாவையோ கொடுப்பது குற்றம். அந்தப் பிள்ளை வைத்திருப்பதும் குற்றம். விதிவிலக்குகளும் உண்டு: வேட்டை, இலக்குப் பயிற்சி, பண்ணை வேலை, துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முதலியவை. ஆனால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கி கையில் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் காகிதமும் பையனிடம் இருக்க வேண்டும். வேட்டைக்கு அவனே எடுத்துப் போவதானால் தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டிக்குள் வைத்து, நேரே அங்கே போய் நேரே திரும்ப வேண்டும். தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் கடிதத்துக்கு அது ஈடாகாது. மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதற்கும் கட்டுப்பட வேண்டும்.

இதுவரை எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. அதற்கு அடுத்த வரியில்தான் மாட்டிக்கொண்டேன். சம்மதம் கொடுக்கும் பெற்றோர், தாமே துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தால் தடை செய்யப்படாதவராக இருக்க வேண்டும்.

நான் 2009இல் வந்தவன். இன்னும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாதான். நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டுக்கான வரிசையில் நான் சேர்ந்தது 2014இல். ஒரு நாட்டவருக்கு மொத்தக் கார்டுகளில் 7 சதவீதம்தான் என்ற உச்சவரம்பின் புண்ணியத்தில், தலைமுடி நரைத்ததே தவிர வரிசை நகரவில்லை. மனைவிக்கு என்னைச் சார்ந்த எச்-4 விசா. எங்களைப் போல் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூடாது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. ஆக, இந்த வீட்டில் துப்பாக்கியைத் தொட உரிமையுள்ள ஒரே ஆள் அந்த 15 வயதுப் பையன்தான். அவனுக்கு அனுமதி கொடுக்கும் தகுதி, அவனைப் பெற்ற எங்கள் இருவருக்கும் கிடையாது. பதினாறு வருடமாக வரி கட்டுகிறவனுக்கு இது சிரிப்பையும் வரவழைத்தது, வேறொன்றையும் வரவழைத்தது.

"போடாதீர்கள், அவ்வளவுதான். கிரீன் கார்டு கோப்பு உள்ளே இருக்கும்போது பன்றி வேட்டை ஒரு கேடா?" என்றாள் மனைவி. தென்காசியில் அவள் அப்பாவின் கிழங்குத் தோட்டத்தையும் காட்டுப்பன்றிதான் அழித்தது. இரவெல்லாம் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தை மீறித் தானாகச் சுட முடியாது. பன்றி மேல் அவளுக்கு இரக்கம் கிடையாது. சட்டத்தின் மேல் பயம் உண்டு.

அந்த வாரம் மகன் போகவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை.

பிறகு எனக்குத் தெரிந்த குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டேன். அவர்தான் கதவைக் காட்டினார். அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால், எச்-1பிக்காரருக்கும் அந்தத் தடை பொருந்தாது. லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அது காலாவதியாகும் நாளோடு விதிவிலக்கும் போய்விடும். டெக்சாஸில் குடியிருப்பவருக்கு அதன் விலை 25 டாலர். பதினாறு வருடத்தில் குடிவரவுத் துறையிடமிருந்து கிடைக்காத தகுதி, இணையத்தில் பத்தே நிமிடத்தில், ஒரு ஜோடி செருப்பு விலைக்குக் கிடைத்தது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றியைச் சுட 2019இலிருந்து லைசென்ஸே தேவையில்லை. பன்றிகள் 20 லட்சத்துக்கும் மேல் பெருகிவிட்டதால் வந்த தளர்வு. பன்றியைப் பொறுத்தவரை நான் வாங்கிய காகிதம் வெறும் காகிதம். துப்பாக்கியைத் தொடுவதற்கும், தொட மகனுக்கு அனுமதி கொடுப்பதற்கும்தான் அது வேண்டியிருந்தது.

1971 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இந்த மாநிலத்தில் வேட்டைப் பாதுகாப்புப் படிப்பும் உண்டு. சேர்ந்தே படித்தோம். வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் கைமாற்றுவது என்ற கேள்வியில் நான் தவறினேன், அவன் தவறவில்லை. மூன்று நாள் மௌனத்துக்கு அதில் வட்டியோடு கணக்குத் தீர்த்துக்கொண்டான்.

கடிதத்தை நானே புதிதாக எழுதினேன். எந்தத் துப்பாக்கி, யாருடையது, எந்தத் தேதிகள், எந்தப் பண்ணை, எதற்காக என்று எல்லாம். சட்டம் இவ்வளவு விவரம் கேட்பதில்லை, நான் கேட்டேன். மடித்து, சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அவன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை லானோ போனோம். தாத்தா கடிதத்தை வாங்கி, நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. திருப்பிக் கொடுத்து, "பைக்குள் வை" என்று மட்டும் பையனிடம் சொன்னார். பெட்டியின் பூட்டைத் திறந்தார். கருவேலம் மாதிரி இருக்கும் மெஸ்கீட் மரம் ஒன்றில் சாப்பாட்டுக் காகிதத் தட்டு ஒன்றை ஆணியடித்து, 40 அடி எடுத்து வைத்து நடந்து, அங்கே கோடு கிழித்தார்.

.44 மேக்னம் சுடும்போது காதடைப்பான் போட்டிருந்தாலும் நெஞ்சுக்குள் ஒரு குத்து விழுகிறது. ரைஃபிள் என்றால் தோள் தாங்கும். இதில் இரண்டு மணிக்கட்டுகள்தான் தாங்க வேண்டும். மகனின் முதல் குண்டு மரத்தையே தொடவில்லை. 12 குண்டுகளில் தட்டில் விழுந்தவை மூன்று.

தாத்தா தட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தார். "ஆறுக்கு ஆறு இதற்குள் விழும் வரை பன்றியைக் குறி வைக்கக் கூடாது. காயத்தோடு புதருக்குள் ஓடினால் தேடிப் போக வேண்டியவன் நான்" என்றார்.

அன்று மாலை மூன்று மணி நேரம் பரணில் இருந்தோம். தோழன் கையில் ரிவால்வர், என் மகன் கையில் பைனாகுலர். எனக்கும் சுட்டுப் பார்க்கிறீர்களா என்ற அழைப்பு வந்தது. சட்டப்படி தடையில்லை என்று தெரிந்தும் கைகளைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பன்றி எதுவும் வரவில்லை. பெண்மான்கள் இரண்டு வந்து, எங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயின.

மூன்று ஓட்டை விழுந்த தட்டு அவன் அறைச் சுவரில் இருக்கிறது. என் லைசென்ஸ் ஆகஸ்ட் 31இல் முடிகிறது. அந்தத் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டிருப்பது மகன் அல்ல, மனைவி.