சுத்தியல் விழுந்த பிறகு

2024 நவம்பர் 24, ஞாயிறு விடிவதற்கு முன், அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த ஐநா காலநிலை மாநாட்டின் நிறைவு அமர்வை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். வளரும் நாடுகளுக்காக 2035-க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 30,000 கோடி டாலர் திரட்டப்படும் என்ற தீர்மானத்துக்கு மாநாட்டுத் தலைவர் முக்தார் பாபாயேவ் சுத்தியலைத் தட்டினார், கைதட்டல் எழுந்தது. அதற்குப் பிறகே இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா பேச முடிந்தது. இந்த ஆவணம் வெறும் கண்கட்டு வித்தை, இதை நாங்கள் ஏற்கவில்லை என்று அவர் சொன்னபோதும் அதே அரங்கம் கைதட்டியது. தீர்மானம் மட்டும் நிறைவேறியது நிறைவேறியதாகவே இருந்தது.

நம் நாளிதழ்கள் இத்தகைய தீர்மானங்களை ‘ஏகமனதாக’ நிறைவேறியவை என்று எழுதிவிடுகின்றன. அது பிழை. இந்த மாநாடுகளில் எப்போது ஒரு தீர்மானம் நிறைவேறியதாகக் கொள்வது என்பதற்கு எழுதி ஏற்கப்பட்ட விதியே கிடையாது. 1992-இல் உருவான ஐநா காலநிலை உடன்படிக்கைக்கான நடைமுறை விதிகளின் வரைவில், வாக்கெடுப்பு பற்றிய 42-ஆவது விதியில் நாடுகள் உடன்படவில்லை. பெரும்பான்மை வாக்கு வந்தால் தங்கள் பிடி தளரும் என்று அஞ்சிய சவூதி அரேபியா போன்ற எண்ணெய் நாடுகள் அதில் உறுதியாக நின்றன. ஆகவே 1995-இல் பெர்லினில் கூடிய முதல் மாநாடு முதல், அந்த ஒரு விதியை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றை வரைவாகவே பின்பற்றி வருகிறார்கள். மீதமிருப்பது கருத்தொருமிப்பு, அதாவது வாக்கெடுப்பின்றி, யாரும் வெளிப்படையாக ஆட்சேபிக்காத நிலை. அது இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்பவர், சுத்தியலைக் கையில் வைத்திருப்பவர்.

2010-இல் மெக்சிகோவின் கான்குனில் கூடிய மாநாட்டில் பொலிவியா எழுந்து நின்று தீர்மானத்தை மறுத்தது. கருத்தொருமிப்பு என்றால் ஒரு நாட்டுக்கு ரத்து அதிகாரம் என்று பொருளல்ல என்று விளக்கிய தலைவர் பாட்ரிசியா எஸ்பினோசா, தீர்மானத்தை நிறைவேற்றினார். 2012-இல் தோஹாவில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் ஆகியவற்றின் ஆட்சேபம் அவ்வாறே தாண்டிச் செல்லப்பட்டது. ஆனால் ரஷ்யா பொலிவியா அல்லவே. அடுத்த ஜூனில் ஜெர்மனியின் பான் நகரில் கூடிய, உடன்படிக்கையின் செயலாக்கத்தைக் கவனிக்கும் துணை அமைப்பின் நிகழ்ச்சி நிரலையே ஏற்க விடாமல், முடிவெடுக்கும் முறையை முதலில் விவாதியுங்கள் என்று அது இரண்டு வாரங்களை முடக்கியது. அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்று யோசித்தால், அதன் நோக்கம் எதுவாயினும் கேட்ட கேள்வி நியாயமானது என்றே படுகிறது. 2023-இல் துபாயில் தீர்மானம் நிறைவேறி, எழுந்து நின்று கைதட்டியும் முடிந்த பிறகு, சமோவாவின் ஆன் ராஸ்முசென், சிறு தீவு நாடுகளின் பிரதிநிதிகள் அப்போது அரங்கிலேயே இல்லை என்பதைத் தெரிவித்தார்.

வலிய நாடுகளின் ஆட்சேபம் பெரும்பாலும் அரங்குவரை வருவதே இல்லை. மூடிய அறைகளிலேயே வரைவின் சொற்களைத் திருத்திவிடுகிறது. சிறிய நாடுகளின் ஆட்சேபம் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாகத் தங்குகிறது. இதில் இந்தியா வெறும் பாதிக்கப்பட்ட தரப்பு என்று நான் எழுதினால் அது நேர்மையாகாது. 2021-இல் கிளாஸ்கோவில், நிலக்கரியைப் படிப்படியாக ‘கைவிடுதல்’ என்றிருந்த சொல் கடைசி நேரத்தில் ‘குறைத்தல்’ என்று மாறியதை அரங்கில் வாசித்தவர் இந்திய அமைச்சர்தான். ஃபிஜியும் மார்ஷல் தீவுகளும் வருத்தத்தைத் தெரிவித்துவிட்டு விழுங்கிக்கொண்டன. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா, நடந்த விதத்துக்காக மன்னிப்புக் கேட்கையில் குரல் உடைந்தார். பாகுவில் நம் பிரதிநிதிக்கு வந்த கோபம் நியாயமானது. கிளாஸ்கோவில் தீவுக்காரர்களுக்கு வந்ததும் அதே கோபம்தான்.

இதை மாற்ற முயற்சியென்று ஒன்றும் நடக்காமலில்லை. ஒருமிப்பு கிட்டாத நிலையில், கடைசி வழியாக நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் முடிவெடுக்கலாம் என்று உடன்படிக்கையைத் திருத்தும் யோசனையை 2011-இல் பப்புவா நியூ கினியும் மெக்சிகோவும் முன்வைத்தன. பல ஆண்டுகள் அது நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்று, ஒவ்வொரு முறையும் அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதைப் பற்றிக் கருத்தொருமிப்பு ஏற்படவில்லை.