போய்ப் பார்ப்பது யார்? ஆயுதப் பரவல் தடுப்புத் தாளுக்கு நான் படித்த விதம்

பன்னாட்டு உறவுகள் படிப்பில் பேரழிவு ஆயுதப் பரவல் தடுப்பு என்றொரு தாள் உண்டு; அணு, ரசாயன, உயிரியல் ஆயுதங்கள் பரவாமல் தடுப்பதைப் பற்றியது. முதல் முறை எழுதியபோது நான் தேறவில்லை. ஒப்பந்தம், ஆண்டு, சேர்ந்த நாடுகள் என்று மூன்று நோட்டு நிறைய மனப்பாடம் செய்திருந்தேன். கேள்வியோ, அவை எப்படி வேலை செய்கின்றன என்பது. ஆண்டுகளை வரிசையாக எழுதிவிட்டு வந்தேன்.

மறுதேர்வுக்கு டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஆயா வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். ஆயா பீன்ஸ் உரித்துக்கொண்டே, "என்ன முணுமுணுக்கிற? எனக்கும் சொல்லு" என்றார். 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைச் சொன்னேன். குண்டு இல்லாத நாடுகள் செய்வதில்லை என்று வாக்குக் கொடுக்கின்றன. வைத்திருக்கும் ஐந்து நாடுகள் ஆயுதக் களைவுக்குப் பேச ஒப்புக்கொள்கின்றன. மின்சாரம், மருத்துவம் போன்ற அணுசக்தியின் பயன்கள் எல்லாருக்கும் பொது. "சரி, செய்யலைன்னு யாரு போய்ப் பார்க்கிறது?" என்றார் ஆயா.

அந்தக் கேள்வியோடு எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். நீங்களும் அப்படிப் படியுங்கள். 1997இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடைக்கு, ஹேக் நகரில் ஆய்வாளர்களோடு ஓர் அமைப்பு இருக்கிறது. உயிரியல் ஆயுதத் தடை 1975 முதல் இருந்தும் அப்படிப் போய்ப் பார்க்க யாரும் இல்லை. இதை மட்டும் வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

உதாரணத்துக்கு வெளியே தேட வேண்டாம். தானே செய்த அணுகுண்டுகளைத் தானே கழற்றிப்போட்ட ஒரே நாடு நம் தென்னாப்பிரிக்கா. ஆறு குண்டுகள் தயாராக இருந்தன, ஏழாவது முடியவில்லை. அவற்றைக் கழற்றிய பிறகு, 1991 ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். குண்டு இருந்ததை அப்போதைய அதிபர் டி கிளார்க் நாடாளுமன்றத்தில் வெளியே சொன்னது 1993 மார்ச் 24 அன்றுதான். இந்த இரண்டு தேதிகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த ஒப்பந்தத்துக்குப் போய்ப் பார்ப்பது சர்வதேச அணுசக்தி முகமை. அதன் ஆய்வாளர்கள் வெறும் பேச்சை நம்பவில்லை. பெலிண்டாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி, குண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டிய ஆலையின் பழைய தினசரிப் பதிவேடுகளை எடுத்து, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். குண்டை வெடித்துப் பார்க்கக் கலஹாரிப் பாலைவனத்தில் தோண்டியிருந்த குழிகள் அவர்கள் கண் முன்னால் பயன்படாதபடி ஆக்கப்பட்டன. இந்தப் பகுதியை நான் மூன்று முறை படித்தேன். ஆயாவுக்குச் சமமான ஓட்டு இல்லாத நிறவெறி ஆட்சிக் காலத்தில், அவருக்குத் தெரியாமல் செய்த குண்டுகள் அவை. படிக்கப் படிக்கக் கோபம் வந்தது.

ஆப்பிரிக்காவை அணு ஆயுதமில்லாப் பகுதியாக்கும் 1996ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கும் பெலிண்டாபா என்றே பெயர். 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஓட்டைகளையும் எழுதுங்கள். இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. வடகொரியா 2003இல் விலகுவதாக அறிவித்தது; அந்த ஆண்டே விவகாரம் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குப் போனது. அங்கே தடைகள் விதிக்கும் தீர்மானம் நிறைவேறியது 2006 அக்டோபரில், அந்த நாடு குண்டை வெடித்துப் பார்த்த பிறகு.