பி.டி. பீரியடில் யார் யாரோடு?

உடற்கல்வி ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்த யோசனை எப்படியாவது வந்துவிடும். வருட ஆரம்பத்தில் ஒரு உடல்தகுதித் தேர்வு வைத்து, மதிப்பெண்படி வகுப்பை மூன்றாகப் பிரித்துவிட்டால் என்ன? சொல்லிக்கொடுக்கச் சுலபம், போட்டிக்கு ஆள் பொறுக்கவும் சுலபம். அரசுப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எதற்காகப் பிரிக்கிறோம், எவ்வளவு நேரத்துக்கு என்பதைத்தான் கேட்கிறேன்.

மத்திய அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கிற கேலோ இந்தியா உடல்தகுதித் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 600 மீட்டர் ஓட்டம், 50 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்னால் எட்டித் தொடுவது, புஷ்-அப் எல்லாம் இருக்கிறது. பிள்ளையின் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நல்ல ஏற்பாடுதான். ஆனால் எட்டாம் வகுப்பில் அந்த 600 மீட்டர் எதை அளக்கிறது? பெண்பிள்ளைகள் மளமளவென்று வளர்வது சுமார் 12 வயதில், பையன்கள் 14ஐ ஒட்டி. அதிலும் ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கும். ஒரே பெஞ்சில் என் உயரத்துக்கு வளர்ந்தவளும் இருப்பாள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருப்பவளும் இருப்பாள். ஒருத்தி அன்றைக்கு மாதவிடாய் வலியோடு ஓடியிருப்பாள். இன்னொருத்தி காலையில் வெறும் வயிற்றோடு வந்திருப்பாள். பள்ளியில் காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதானே. அந்த ஒரு நாள் ஓட்டத்தை வைத்து வருடம் முழுக்க ஒருத்தியை 'சி' குரூப்பில் நிறுத்துவது எந்த நியாயம்?

கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்பவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். காரணம், அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1ஐ வைத்து. ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். சின்ன வயதில் அது பெரிய வித்தியாசம். அந்த உயரத்தைத் திறமை என்று நம்பிப் பொறுக்கினார்கள், நல்ல பயிற்சி கொடுத்தார்கள், அவனும் நிஜமாகவே திறமைசாலி ஆனான். விடுபட்டவனுக்கு அந்தப் பயிற்சியே கிடைக்கவில்லை.

நம் ஊரில் இது இன்னும் மோசமாக நடக்கிறது. குறுவட்டப் போட்டி நெருங்கினால் பி.டி. பீரியடில் பள்ளி டீம் மட்டும் ஆடும், மற்ற பிள்ளைகள் வேப்பமரத்தடியில் கதை பேசிக்கொண்டிருக்கும். டீமுக்குப் பயிற்சி காலையிலும் சாயங்காலமும் இருக்கட்டும். பீரியடு நாற்பது பேருக்கும் சொந்தம்.

சரி, நான் எப்படிப் பிரிக்கிறேன்? த்ரோபாலில் சர்வீஸ் பழகும்போது தரையில் மூன்று கோடு போடுவேன். முதல் கோடு ஆடுகளத்தின் எல்லையில். அங்கிருந்து வலைக்கு ஒன்பது மீட்டருக்கு மேல். இரண்டாவது அதற்கு ஏழெட்டு அடி முன்னால். மூன்றாவது வலைக்குப் பக்கத்தில், அங்கே வலைக்குப் பதில் தாழ்வாக ஒரு கயிறு. எந்தக் கோட்டில் நிற்பது என்று அவளவளே முடிவு செய்வாள். தொடர்ந்து மூன்று பந்து தாண்டினால் ஒரு கோடு பின்னால் போகலாம். பந்து வலையிலேயே விழுந்துகொண்டிருந்தால் முன்னால் வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாம் கோட்டில் நிற்பவளுக்குப் பெரும்பாலும் கையில் பலம் இல்லாமல் இல்லை. பந்தைத் தோளுக்கு மேலே கொண்டுபோகாமல் நெஞ்சிலிருந்தே தள்ளுகிறாள். பக்கத்தில் நின்று முழங்கையைத் தூக்கிவிட்டால் அந்த பீரியடிலேயே பந்து கயிற்றைத் தாண்டும். தனித்தனியாக நின்று பழகுவதற்கு இந்த மாதிரிப் பிரிவு வேண்டும்.

கபடியிலும் எடை பார்த்துத்தான் விடுவேன். 30 கிலோ பிள்ளை மேல் 55 கிலோ பிள்ளை விழக்கூடாது. அப்புறம் கோ-கோ வந்தால் எல்லாம் தலைகீழ். த்ரோபாலில் மூன்றாம் கோட்டில் நின்ற சின்னவள் இரண்டு பேர் நடுவில் வளைந்து நெளிந்து ஓடுவாள், உயரமானவர்கள் திணறுவார்கள். நிரந்தரமான ஏ, பி, சி இருந்தால் இவளை எங்கே வைப்பது?

ஆட்டம் என்று வந்துவிட்டால் கலந்துதான் ஆட வேண்டும். அதற்கு நம் தெருவிலேயே வழி இருந்தது: உத்தி பிரிப்பது. தலைவிகள் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுக்கும் முறையை நான் அனுமதிப்பதே இல்லை. கடைசியில் நிற்பவளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். உத்தியில் சமமாக ஆடுகிற இரண்டு பேர் தோளில் கை போட்டுத் தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு வருவார்கள். 'பரோட்டா வேணுமா, பிரியாணி வேணுமா?' தலைவி பிரியாணி என்றால் அந்தப் பேர்க்காரி அவள் பக்கம், மற்றவள் எதிர்ப்பக்கம். நன்றாக ஆடுகிற இருவர் ஜோடி, பந்தைக் கண்டு பயப்படுகிற இருவர் ஜோடி. இரண்டு பக்கமும் தானாகவே சமமாகிவிடும். யார் யாருக்குச் சமம் என்று என்னைவிடப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பொருந்தாத ஜோடி வந்தால் 'மிஸ், இது செல்லாது' என்று அவர்களே கத்திவிடுவார்கள்.

தேர்வு மதிப்பெண்ணை நான் எழுதி வைக்கிறேன். ஜூலையில் எடுத்ததும் ஜனவரியில் எடுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். யார் கணக்கோ அவளுக்கு மட்டும் காட்டுவேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னால் ஒட்டமாட்டேன்.