கோர்ட் சண்டை இல்லாமல் எங்கள் விவாகரத்து முடிந்த விதம்

பிரிவது என்று முடிவானதும் ஆளாளுக்குச் சொன்னது, "நல்லா வாதாடுற வக்கீலாப் பிடி." நான் போய்ப் பார்த்த வக்கீலோ, உங்கள் கணவரும் சம்மதித்தால், கோர்ட்டில் மோதாமல் இரு தரப்பும் சேர்ந்து பேசித் தீர்க்கிற கொலாபரேட்டிவ் லா முறையில் முடித்துக்கொள்ளலாமே என்றார். கோர்ட் சண்டைகளில் அலுத்துப்போன ஸ்டூவர்ட் வெப் என்ற அமெரிக்கக் குடும்பநல வக்கீல் 1990-ல் மினசோட்டாவில் தொடங்கிய முறை இது.

வழக்கமான சமரசப் பேச்சுதானே என்று நினைத்தேன், இல்லை. அங்கே நடுவர் யார் பக்கமும் பேச மாட்டார். இங்கே ஆளுக்கொரு வக்கீல், நாலு பேரும் ஒரே மேஜையில். ஆரம்பத்திலேயே ஓர் ஒப்பந்தம் போட வேண்டும்: பேச்சு முறிந்து விவகாரம் கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வக்கீல்களும் விலகிவிடுவார்கள், நாங்கள் புது வக்கீல் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். படித்தபோது மிரட்டல் மாதிரி இருந்தது. ஆனால் மொத்த முறையும் நிற்பதே அந்த ஷரத்தின் மேல்தான். "கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் வாய் வராது, வக்கீல்களுக்கும்தான்.

எங்களுக்குப் பெரிய சிக்கல் வீடு. எனக்குத்தான் வேண்டும் என்று நான், விற்றே ஆக வேண்டும் என்று அவர். ஏன் வேண்டும் என்று அவருடைய வக்கீல் என்னைக் கேட்டார், மடக்குகிற கேள்வியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள. மகள் பள்ளி மாறக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். கணவருக்கோ, தன் பங்குப் பணம் வராமலே போய்விடுமோ என்ற பயம். நாங்கள் பொதுவாக அமர்த்திய நிதி ஆலோசகர் தவணை, வட்டி எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டியதும், மகள் பள்ளி முடிக்கும்வரை நானும் அவளும் அந்த வீட்டில் இருப்பது, அப்புறம் விற்றுப் பிரிப்பது என்று ஒருவழியாக முடிவானது.

எல்லாமே இப்படி நடக்கவில்லை. சொத்து, கடன் விவரங்களை இருவரும் தாமாகவே மேஜையில் வைக்க வேண்டும் என்பது விதி, அப்படி வைத்தபோது நான் கேள்வியே படாத ஒரு கடன் வெளியே வந்து அன்றைய கூட்டம் பாதியில் நின்றது. மறைத்தே தீருவேன் என்கிற ஆளோடு இந்த முறை வேலைக்கு ஆகாது. அடி, மிரட்டல் இருந்த வீட்டுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றட்டும் என்று அமெரிக்காவில் 2009-ல் எழுதிய மாதிரிச் சட்டமே, அப்படி ஏதாவது உண்டா என்று வக்கீல் முதலில் விசாரித்துவிட வேண்டும் என்கிறது. இரண்டு வக்கீல், ஆலோசகர் என்று செலவும் ஆகும். அப்புறம் கோர்ட் வாசலே மிதிக்க வேண்டாம் என்றும் இல்லை, நாங்கள் ஒத்துக்கொண்டதைத் தாக்கல் செய்துதான் விவாகரத்து ஆணை வாங்கினோம்.

யாராவது இறங்குவதாக இருந்தால் வக்கீலிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்த முறையில் பயிற்சி எடுத்திருக்கிறாரா, பேச்சு முறிந்தால் ஆலோசகரின் கணக்கையும் அங்கே பேசியதையும் கோர்ட்டில் காட்ட முடியுமா. எங்கள் ஒப்பந்தத்தில் முடியாது என்று எழுதியிருந்தது, அதனால்தான் இருவரும் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினோம்.