ஹேங் ஆவது வேறு, ஆஃப் ஆவது வேறு

எங்கள் கடை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் இருக்கிறது. கிரயப் பத்திரம், தான செட்டில்மென்ட், வில்லங்கத்துக்கு மனு என்று நாள் முழுக்க டைப்பிங் வேலைதான். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பத்திரம் பிரிண்ட் ஆகிக் கைக்கு வந்துவிட வேண்டும். விற்பவர், வாங்குபவர், சாட்சிகள் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ஹேங் ஆகும். சில நாள் ஹேங் ஆகாமல் பட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி எழுந்துகொள்ளும்.

சர்வீஸ் பார்க்கும் தம்பி வந்தார். "அக்கா, விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு, ஃபார்மட் போட்டுடலாம்" என்றார். சளிக்கும் வயிற்று வலிக்கும் ஒரே மாத்திரை தரும் வைத்தியம் இது. ஃபார்மட் போட்டால் தமிழ் ஃபான்ட், கீபோர்டு, பிரிண்டர் டிரைவர் எல்லாம் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அன்றைக்குக் கடை அவ்வளவுதான். "கொஞ்சம் பொறுங்க தம்பி, எப்படி நிக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஹேங் ஆகும்போது மவுஸ் அம்புக்குறி நகர்ந்தது. ஆனால் எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். கீபோர்டில் அதன் விளக்கு எரிந்து அணைந்தது. அப்படியானால் உள்ளே உயிர் இருக்கிறது. அந்த விளக்கும் அசையாமல், ஸ்பீக்கரில் ஒரே சத்தம் சிக்கிக்கொண்டு இழுத்தால் ராம் என்கிற நினைவகத்தின் மேலோ மதர்போர்டு மேலோ சந்தேகம் போயிருக்கும். ராம்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டியிருப்பேன். இங்கே அதற்கு வேலை இல்லை. கேபினெட் முகப்பில் விட்டு விட்டு மினுக்க வேண்டிய டிஸ்க் விளக்கு, அணையாமல் எரிந்துகொண்டே நின்றது. டிஸ்க்கிடம் எதையோ கேட்டுவிட்டு, பதில் வராமல் விண்டோஸ் காத்திருக்கிறது.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால், ஹேங் ஆன நேரங்களில் எல்லாம் 129 என்ற எண்ணோடு 'ரீசெட் டு டிவைஸ்' என்று பதிவாகியிருந்தது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன். நீலக் கட்டத்தில் 'குட்' என்றே காட்டியது. பலர் இதைப் பார்த்ததும் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு என்று மூடிவிடுவார்கள். கீழே சி7 என்ற வரியைப் பார்க்க வேண்டும். அதில் 1ஏ4 என்று இருந்தது. அது பதினாறு பதினாறாக எண்ணும் ஹெக்ஸ் கணக்கு, நம் கணக்கில் 420. அடுத்த முறை ஹேங் ஆனபோது இன்னும் ஏறியிருந்தது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த தடவைகளை எண்ணுகிற வரி அது. டிஸ்க்கின் சொந்தப் பழுதைச் சொல்லும் 05 வரியில் பூஜ்யம்தான். ஆக, கோளாறு நடுவழியில்.

கேபினெட்டைத் திறந்தால், எங்கள் டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒற்றை ஸ்க்ரூவில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போர்டோடு இணைக்கும் சிவப்பு சாட்டா கேபிளைப் பக்கவாட்டுத் தகடு அழுத்தி, முனையிலேயே செங்குத்தாக மடக்கியிருந்தது. பிடித்துக்கொள்ளும் இரும்பு கிளிப்பும் இல்லாத ரகம். விரல் பட்டாலே ஆடியது. கிளிப் வைத்த கேபிள் ஒன்று வாங்கி, வேறு போர்ட்டில் செருகி, எஸ்எஸ்டியை ஒழுங்காக முடுக்கினேன். ஹேங் நின்றது. சி7 எண் மட்டும் குறையாது, அது அப்படித்தான். மேலே ஏறாமல் இருந்தால் போதும்.

ஆனால் அணைவது நிற்கவில்லை. தம்பி உடனே, "பாத்தீங்களாக்கா, சொன்னேன்ல?" என்றார்.

இதற்கு ஈவென்ட் வியூவரில் கிடைத்தது கெர்னல் பவர் 41. முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. உள்ளே, விண்டோஸ் நொறுங்கினால் பதிவாகும் பக்செக் கோடு பூஜ்யமாக இருந்ததால் நீலத்திரை எதுவும் வரவில்லை என்று மட்டும் தெரிந்தது. அப்புறம்தான் எப்போது அணைகிறது என்று கவனித்தேன். சும்மா கிடந்த லேசர் பிரிண்டருக்கு முதல் பக்கம் கொடுக்கும்போது! டியூப் லைட் ஒரு கணம் மங்கும், கம்ப்யூட்டர் போய்விடும். பிரிண்டரின் பிளக் யுபிஎஸ்ஸின் முதுகில் இருந்தது. மை தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை சூடேற நிறைய மின்சாரம் இழுக்கும். எங்களுடைய 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட்தான். போதாக்குறைக்குக் கிழட்டு பேட்டரி.

பிரிண்டரைச் சுவர் பிளக்குக்கு மாற்றி, யுபிஎஸ்ஸுக்குப் புது 12 வோல்ட் பேட்டரி போட்டதோடு சரியாகிவிட்டது. தானாக எழுந்ததும் பேய் வேலை இல்லை. கரண்ட் திரும்பினால் ஆன் ஆகும்படி, போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் யாரோ வைத்திருந்தார்கள்.

தம்பி இப்போது விண்டோஸ் 11 போடலாம் என்கிறார். எங்களுடையது ஆறாம் தலைமுறை ஐ3. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே, ஒரு சிலவற்றைத் தவிர, மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதுப் பெட்டிக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். ஆடியில் பத்திரம் குறையும், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.